ஆந்திரத்தில் பிறப்பு வீதச் சரிவு: வாழ்க்கைமுறைக் கருத்தும் வரலாற்றுச் சான்றும்

முன்னுரை

பிறப்பு வீதம் குறைவதற்கு நவீன வாழ்க்கைமுறையே காரணம் என்னும் கருத்து பரவலாக வழங்குகிறது. காலந்தாழ்ந்த திருமணம், கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லுதல், அடுக்குமாடி வாழ்வு, பெருகிய கல்விச் செலவு ஆகியன இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஐதராபாத் நகரம் இக்கூற்றுக்குத் தக்க எடுத்துக்காட்டாகத் தோன்றும். 2014 வரை அந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த ஒருங்கிணைந்த ஆந்திரப்பிரதேசத்தின் வரலாறு இதற்கு இடந்தருகிறதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கால வரிசை

ஒரு பெண் தன் வாழ்நாளில் ஈன்றெடுக்கும் குழந்தைகளின் சராசரியைக் கருவள வீதம் என்பர். தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி ஆந்திரத்தில் இது 1992-93இல் 2.6ஆகவும், 1998-99இல் 2.25ஆகவும், 2005-06இல் 1.8ஆகவும் இருந்தது. ஐதராபாத்தின் கணினித் தொழில் வளர்ச்சிக்கு அடையாளமான சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டதோ 1998 நவம்பரில்தான். ஆகவே, புதிய நகர வாழ்க்கை வேரூன்றுமுன்னரே சரிவு பெரிதும் நிகழ்ந்துவிட்டமை தெளிவு.

கல்வியும் மணவயதும்

கேரளத்தின் சரிவைப் பெண்கல்வியால் விளக்குவது மரபு. 1991 கணக்கெடுப்பில் பெண் எழுத்தறிவு கேரளத்தில் 86 விழுக்காடு, தமிழகத்தில் 51 விழுக்காடு, ஆந்திரத்தில் 33 விழுக்காடு மட்டுமே. 1998-99இல் ஆந்திரத்தின் 20-24 வயதுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் 18 வயதுக்கு முன்னரே மணம் முடித்தவர்கள். இம்முரணை மக்கள்தொகையியல் அறிஞர் கே.எஸ். ஜேம்ஸ் 1999இல் எடுத்துக்காட்டி, மாற்று விளக்கங்களின் தேவையை உணர்த்தினார்.

கருத்தடையின் பங்கு

நெருக்கடிநிலைக் காலத்துக் (1975-77) கட்டாய ஆண் கருத்தடைக்கு எழுந்த எதிர்ப்பின் பின், குடும்பநலத் திட்டத்தின் சுமை பெண்கள்மேல் சாய்ந்தது. 2019-21 ஆய்வின்படி ஆந்திரத்தில் மணமான பெண்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் அறுவைக் கருத்தடை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடையோ ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. இளமையில் மணம், அடுத்தடுத்து இரு பேறு, இருபத்தைந்து வயதுக்குள் அறுவை என்பதே பலருடைய வாழ்க்கை வரிசையாயிற்று. குழந்தை இறப்புக் குறைவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கும் விழைவும் இதற்குத் துணைநின்றன. எனவே இதனை முழுக்கக் கட்டாயம் எனக் கூறுதல் பொருந்தாது. எனினும் மணத்தைத் தள்ளிப்போடும் உரிமையோ, கணவனும் பொறுப்பேற்கும் நிலையோ பெண்ணுக்கு வாய்க்கவில்லை.

கருத்தடையை நாட்டின் பொருளாதாரத்திற்காக அன்றிப் பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் எனப் பெரியார் வாதிட்டமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆந்திரத்தில் கருத்தடை பரவியது. அவர் கருதிய விடுதலை அதனுடன் வரவில்லை.

முடிவுரை

இரு குழந்தைகளுக்கு மேற்பட்டோர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்பதை ஆந்திர அரசு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. முதியோர் பெருகுவதைக் காட்டி 2024இல் அத்தடையை நீக்கியது. அதே ஆண்டு, கூடுதல் குழந்தைகளைப் பெறுமாறு முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு மக்களை வேண்டினார். இன்றைய பெருநகரத் தலைமுறையின் தயக்கத்தை வாழ்க்கைமுறை ஓரளவு விளக்கலாம். நேற்றைய சரிவை அது விளக்காது. சரிவுக்கு நாகரிக மோகத்தைப் பழிப்பது, அரசு கேட்டபோது தம் உடலை அறுவைக்கு ஒப்புவித்த சிற்றூர்ப் பெண்களை வரலாற்றிலிருந்து மறைப்பதாகும். குறைக்கச் சொன்னபோதும் கூட்டச் சொன்னபோதும் பெண்ணின் விருப்பம் முதல் வினாவாக அமையவில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை எனலாம்.