கையில் அமர்ந்த வல்லூறு

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் வழியாக அரக்கோணம் சென்று வருவோர் அங்குள்ள கடற்படை விமானத்தளத்தை அறிந்திருப்பர். 1992 மார்ச் 11 அன்று தொடங்கப்பெற்ற அத்தளத்திற்கு 'இராசாளி' என்று பெயர். இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் உள்ள தளத்தின் பெயர் 'பருந்து'. மும்பையில் உள்ளது 'சிக்ரா'. வடநாட்டார் சிக்ரா என்று அழைப்பது வேறொன்றுமன்று; நம் ஊர்த் தோப்புகளில் ஓணானையும் சிறு குருவிகளையும் தேடித் திரியும் வல்லூறுதான். விமானத்தளங்களுக்கு இப்பெயர்களைச் சூட்டிய நாடு, அப்பறவைகளைக் கையில் ஏந்திப் பயிற்றிய கலையை ஏறக்குறைய மறந்தேவிட்டது.

நாயையும் குதிரையையும் பழக்குவது போன்றதன்று இப்பயிற்சி. கொன்றுண்ணும் பறவைக்குத் தலைவன் என்று ஒருவன் இல்லை. அடித்தால் அது பணியாது, கொஞ்சினால் மகிழாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பசியும் அச்சமுமே. பிடிபட்ட பறவையின் கால்களில் மெல்லிய தோல் வார்களைக் கட்டி, சிறு மணியைப் பூட்டி, கண்களை மறைக்கும் தோல் குல்லாவை அணிவித்து, இரவெல்லாம் தூங்கவிடாமல் கையிலேயே வைத்திருப்பர். பழக்குபவனுக்கும் அன்று உறக்கம் இல்லை. பறவை அவன் கையிலிருந்து முதன்முதலாக ஒரு துண்டு இறைச்சியைக் கொத்தித் தின்னும் நேரமே பயிற்சியின் தொடக்கம். பின்பு ஒரு முழ தூரம் தாவிக் கைக்கு வரும். பின்பு நீண்ட கயிற்றில் கட்டப்பட்டுத் தொலைவிலிருந்து பறந்து வரும். ஒருநாள் கயிற்றை அவிழ்த்தாக வேண்டும். அதன்பின் அதைத் திரும்பி வரச்செய்ய எந்தக் கட்டும் இல்லை. உணவைச் சற்று மிகுதியாகக் கொடுத்திருந்தால் மரத்தில் அமர்ந்துகொண்டு வர மறுக்கும். குறைத்துவிட்டால் மெலிந்து மடியும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை அறிவதே இக்கலையின் சாரம். அது ஏட்டில் எழுதும் அளவன்று. பறவையின் மார்பெலும்பைத் தடவி விரல் அறிய வேண்டிய அளவு.

நம் நாட்டில் இதனை எழுதி வைத்தவர்கள் அரசர்கள். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலில் வல்லூறு வேட்டைக்குத் தனிப் பகுதி உண்டு. பிற்காலத்தில் குமாவூன் அரசன் உருத்திரதேவன் இதற்கெனவே ஒரு நூல் செய்தான். அக்பரின் அவைச் செய்திகளைத் தொகுத்த அபுல் பசலும் அரண்மனை வேட்டைப் பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

திருச்சபை வரலாற்றிலும் இப்பறவைகளுக்கு ஓரிடம் உண்டு. பெருமைப்படத்தக்க இடமென்று சொல்வதற்கில்லை. கி.பி. 506இல் ஆக்தே நகரில் கூடிய சங்கம், ஆயர்களும் குருக்களும் வேட்டை நாய்களையும் வேட்டைப் பறவைகளையும் வைத்திருக்கலாகாது என்று விதித்தது. 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதே தடையை மீண்டும் விதித்தது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே விதி தேவைப்பட்டதென்றால், அது எவ்வளவு தூரம் மதிக்கப்பட்டது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்நூற்றாண்டிலேயே இக்கலைக்கு உலகின் தலைசிறந்த நூல் எழுந்தது. எழுதியவர் பேரரசர் இரண்டாம் பிரெடரிக். திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியால் 1227இலும் 1239இலும் சபைவிலக்கம் செய்யப்பட்டவர் அவர். அரசியலில் அவரைப் புகழ நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பறவைகளிடம் அவர் காட்டிய நேர்மையை மறுப்பதற்கில்லை. அரிஸ்டாட்டில் சொன்னதாயினும் தம் கண் கண்டதற்கு மாறாயின் மறுத்து எழுதினார். பாறுகள் மோப்பத்தால் இரையை அறிகின்றனவா என்று காண அவற்றின் கண்களை மூடி, இறைச்சியை முன்னே வைத்துச் சோதித்தார். தோல் குல்லாவின் பயனை அரபியரிடம் கற்றதாக அவரே ஒப்புக்கொள்கிறார். சிலுவைப்போர் நடந்த காலத்தில் ஒரு கிறிஸ்தவப் பேரரசர் இவ்வாறு எழுதியது சிறிய செய்தியன்று. 1248இல் பார்மா முற்றுகையின்போது அவருடைய சொந்தப் பிரதி கொள்ளைபோயிற்று. அவர் மகன் மான்பிரெட் தொகுத்த ஓவியப் பிரதியொன்று, விலக்கப்பட்டவரின் நூலாயினும், இன்று வத்திக்கான் நூலகத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது!

தென்னாட்டிற்கு வருவோம். சென்னை அரசின் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், 1862 முதல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில், மலைப்பாறைகளில் கூடு கட்டும் ஷாஹீன் என்னும் பைரியை இந்நாட்டார் பழக்கிய முறையை விவரிக்கிறார். அதனைக் கையிலிருந்து இரையின்மேல் ஏவுவதில்லை. வேட்டைக்குழுவின் தலைக்குமேல் வானில் உயர்ந்து வட்டமிடக் கற்பிப்பர். கீழே இரை கலைந்தெழுந்தவுடன் அது அம்பெனப் பாயும். பறவைகளுக்கு மக்கள் வழங்கிய தமிழ், தெலுங்குப் பெயர்களையும் ஜெர்டன் கேட்டறிந்து குறித்தார்.

சுதந்திரத்திற்குப்பின் சமஸ்தானங்கள் மறைந்தன. இக்கலையை ஆதரித்த கைகளும் மறைந்தன. பவநகர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பறவையியலார் தர்மகுமார்சிங்ஜி போன்ற சிலரே அதன் கடைசித் தலைமுறையினர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எஞ்சியதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது. அச்சட்டத்தை நாம் குறைகூறவில்லை. கூட்டிலிருந்து திருடப்பட்டுச் சந்தையில் விலைபேசப்பட்ட குஞ்சுகளை எண்ணினால் அது வேண்டியதே.

எனினும் அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்ததையும் நோக்க வேண்டும். டி.டி.டி. பூச்சிமருந்தால் பைரியின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் உடைந்தது. நாட்டின் கிழக்குப் பகுதியில் அவ்வினமே அற்றுப்போயிற்று. அதனை மீட்க முன்வந்தவர்களில் முதன்மையானவர் டாம் கேட். விலங்கியல் பேராசிரியர், அதே வேளையில் வேட்டைப் பறவை பழக்குபவர். 1970இல் அவர் தொடங்கிய அமைப்பு பைரிகளைக் கூண்டில் இனம்பெருக்கியது. குஞ்சுகளைக் காட்டில் விட அவர்கள் கையாண்ட முறை, ஐரோப்பியப் பழக்குநர்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்ததே: உயரமான இடத்தில் பெட்டியில் வைத்து, மனிதர் முகம் தெரியாமல் உணவிட்டு, தானே பறந்து தானே வேட்டையாடும்வரை காத்திருப்பது. 1999இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து அமெரிக்கப் பைரி நீக்கப்பட்டது.

மாட்டுக்கு இடப்பட்ட டைக்ளோபினாக் மருந்தால் பாறுகளைப் பறிகொடுத்த நம் நாடும், 2001 முதல் அரியானாவின் பிஞ்சோரில் அவற்றைப் பேணி வளர்க்க முயன்று வருகிறது. இறைச்சியின் அளவையும் இறகின் நோயையும் விரலால் அறிந்திருந்த பரம்பரை நம்மிடம் இருந்தது. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ஷாஹீனை வானில் வட்டமிடச் செய்த தென்னாட்டுப் பழக்குநர் யார், எந்த ஊரினர் என்பது ஜெர்டன் அப்பறவையைப் பற்றி எழுதிய பகுதியிலும் இல்லை.