கன் என்னும் சொல்

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் தமக்குள் வழங்குவதைக் குழூஉக்குறி என்று நம் இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். ஒரு கூட்டத்தாருக்கே உரிய அத்தகைய சொல், கூட்டத்தைக் கடந்து வெளியுலகில் புகுந்தால் யாது நிகழும்? ஆங்கிலத்தில் துப்பாக்கியையும் பீரங்கியையும் குறிக்கும் 'கன்' என்ற சிறு சொல்லின் வரலாறு இதற்குத் தக்க விடை பகர்கிறது.

அச்சொல்லின் பிறப்பே வியப்புக்குரியது. 1330ஆம் ஆண்டையொட்டி எழுதப்பெற்ற விண்ட்சர் கோட்டைப் படைக்கலப் பட்டியலில், எறிபொறி ஒன்று 'குனில்டாச் சீமாட்டி' என்று குறிக்கப்பெற்றுள்ளது. குன்ஹில்டு என்பது வட ஐரோப்பிய மக்கள் பெண்களுக்கு இட்டு வழங்கிய பெயர்; அதன் இரு பகுதிகளுமே போர் என்னும் பொருளுடையன. அப்பெயரின் குறுக்கமே 'கன்' ஆயிற்று என்பது அறிஞர் கருத்து. பின்னர் வந்த வெடிமருந்துக் கருவிகளுக்கும் அப்பெயரே நிலைத்தது.

களத்தில் வழங்கிய சொல் பிற தொழில்களிலும் புகுந்தது. செல்வாக்கு மிக்கவரைப் 'பெரிய கன்' என்றனர். இயந்திரத்தை விரைந்து முடுக்குவதற்கும் அச்சொல்லே பயன்பட்டது. ஆஸ்திரேலியாவில் செம்மறியாட்டின் உரோமத்தைக் கத்தரிப்போருள் கைவேகத்தில் முதல்வனாக நிற்பவனுக்குக் 'கன்' என்பது பட்டமாயிற்று. குவீன்ஸ்லாந்தில் 1892ஆம் ஆண்டு ஜாக்கி ஹோவ் என்பவர் கைக்கத்தரியைக் கொண்டே ஒரு நாளில் 321 ஆடுகளின் உரோமத்தைக் கத்தரித்தார். அழிவுக் கருவியின் பெயர், உழைப்பின் திறமைக்குச் சூட்டிய அணியாக மாறியது போற்றத்தக்கதன்றோ!

ஆயினும், இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் திருடர் தம் குழூஉக்குறியில் 'கன்' என்றால் திருடன் என்று பொருள். அது படைக்கலத்தின் பெயரன்று; ஐரோப்பிய யூதர்தம் இட்டிஷ் மொழியில் திருடனைக் குறிக்கும் 'கானிஃப்' என்ற சொல்லின் சிதைவு. 'மால்' என்பது பெண்ணைக் குறிக்கும் கொச்சைச் சொல். எனவே, 'கன் மால்' என்றால் முதலில் திருட்டுத் தொழில் புரியும் பெண் என்பதே பொருள். ஒலியொற்றுமையால் மயங்கிய பிற்காலத்தார், துப்பாக்கி ஏந்திய கொள்ளைக்காரனின் துணைவி என்று அதற்குப் பொருள் கொண்டனர். இப்பிற்காலப் பொருளை மனத்திற் கொண்டு பழைய குறிப்புகளைப் படித்தால், பிறர் சட்டைப்பையில் கைவிட்ட ஓர் ஏழைப் பெண்ணும் கொலைக்கூட்டத்தைச் சார்ந்தவளாகத் தோன்றுவாள். சொல்லைப் பிழைபட உணர்ந்தால், இறந்துபோன ஒருவர் மீது அவர் செய்யாத குற்றத்தையும் சுமத்த நேரும்.

ஆதலின், மாணவர்களே, கொச்சைச் சொல்தானே என்று எதனையும் எளிதாக எண்ணிவிடாதீர்கள். அதனை வழங்கியவர் யார், எக்காலத்தில், எத்தொழிலில் வழங்கினர் என்று வினவிய பின்னரே பொருள் கொள்ளுங்கள். அகராதி காட்டும் பொருள்கள் பலவற்றுள் உரியது எது என்பதை வரலாறே நமக்கு உணர்த்தும்.