ஏர் தங்கக் கோப்பை: பெயரின் தொடர்ச்சியும் பந்தயத்தின் மாற்றமும்

முன்னுரை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஏர் நகரில் ஆண்டுதோறும் செப்டம்பரில் நடைபெறும் தங்கக் கோப்பைக் குதிரைப் பந்தயம், பிரிட்டனின் தொன்மையான குறுந்தூர ஹேண்டிகேப் பந்தயங்களுள் ஒன்றாகக் கருதப்பெறுகிறது. இதன் தொடக்க ஆண்டு 1804. எனினும் அவ்வாண்டில் நடந்தது குறுந்தூரப் பந்தயமும் அன்று. ஹேண்டிகேப் பந்தயமும் அன்று. பெயர் நிலைத்திருக்க, அது சுட்டும் பொருள் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்க நிலை

தொடக்கக் காலத்தில் ஸ்காட்லாந்தில் பிறந்து அங்கேயே பயிற்சி பெற்ற குதிரைகளே இதில் ஓடின. இரண்டு மைல் தூரத்தை அவை சுற்றுக்குச் சுற்று மீண்டும் ஓட வேண்டும். ஆகவே, வேகத்தினும் தாங்குதிறனே இங்குச் சோதிக்கப்பட்டது. 1804, 1805 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சான்சலர் என்னும் குதிரையே வென்றது.

இரு மாற்றங்கள்

1855இல் இது ஹேண்டிகேப் பந்தயமாயிற்று. திறன் மிக்க குதிரைக்குக் கூடுதல் எடையும் திறன் குறைந்ததற்குக் குறைந்த எடையும் விதித்து, வெற்றி வாய்ப்பைச் சமன்செய்வதே இம்முறை. அட்மிரல் ஹென்றி ஜான் ரௌஸ் இங்கிலாந்தில் எடை விதிக்கும் பொது அலுவலராகப் பொறுப்பேற்றதும் அதே ஆண்டில்தான். ஆண்டு ஒன்றாதல் கொண்டு காரணத் தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. ஆயினும் எடை விதித்தல் தனித் துறையாக வளர்ந்துவந்த காலம் அது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

இரண்டாம் மாற்றம் தூரத்தைப் பற்றியது. 1907இல் ஏர் நகரின் பந்தயங்கள் இன்றைய திடலுக்கு மாறின; அடுத்த ஆண்டில் தங்கக் கோப்பையின் தூரம் ஆறு ஃபர்லாங் ஆயிற்று. தொடக்கக் கால இரண்டு மைல் 16 ஃபர்லாங் என்பதை நோக்க, இம்மாற்றத்தின் அளவு விளங்கும்.

பிற்கால வளர்ச்சி

1975இல் ஏர் நகரிலேயே பயிற்சி பெற்ற ரோமன் வாரியர், 10 ஸ்டோன், அதாவது ஏறத்தாழ 63.5 கிலோ சுமந்து வென்றது. 1992இல் லாக்சாங் என்னும் பெண்குதிரை குட்வுட் ஸ்டூவர்ட்ஸ் கோப்பை, டான்காஸ்டர் போர்ட்லண்ட், ஏர் தங்கக் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. எடை விதிப்பு வாய்ப்பைச் சமன்செய்ய முயலுமே அன்றி, முடிவை உறுதிசெய்யாது என்பதற்கு இவை சான்றுகள்.

முடிவுரை

எனவே இப்பந்தயத்திற்குத் தொடக்க ஆண்டுகள் மூன்று: கோப்பைக்கு 1804, ஹேண்டிகேப் முறைக்கு 1855, ஆறு ஃபர்லாங் ஹேண்டிகேப்புக்கு 1908. இவ்வேறுபாட்டைக் கருதாது தொன்மையை மதிப்பிட்டால், 1840 முதல் குறுந்தூர ஹேண்டிகேப்பாக நடந்துவரும் ஸ்டூவர்ட்ஸ் கோப்பை பிந்தியதாகத் தோன்றும். வகை நோக்கில் அதுவே முந்தியது. சான்சலரும் லாக்சாங்கும் ஒரே வெற்றியாளர் பட்டியலில் இடம்பெறினும், அவை வென்றது ஒரே பந்தயத்தை அன்று. மரபுசார் போட்டிகளின் வரலாற்றை எழுதுவோர் பெயரின் வயதையும் வடிவத்தின் வயதையும் தனித்தனியே கணக்கிடுதல் வேண்டும்.