எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மாற்றம்: தமிழ்நாட்டுச் சிறுகார்களின் வேக வரலாறு

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்பது மோட்டார் வாகன எஞ்சினின் சிலிண்டர்களிலிருந்து வெளிவரும் எரிந்த வாயுவைச் சேர்த்து ஒரே குழாயில் அனுப்பும் உறுப்பாகும். ஆலையிலிருந்து காரோடு வருவது பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. அதைக் கழற்றிவிட்டு, தனித்தனி எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துச் செய்த வேறொன்றைப் பொருத்துவது பந்தயக்காரர்களின் பழைய வழக்கம். இந்த மாற்று உறுப்பைப் பட்டறைகளில் 'ஹெட்டர்ஸ்' என்பர். சிறிய கார் வைத்திருப்பவர் எதைத் தேர்வது, தேர்வதால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

மதுரையின் பின்னணி

மதுரையில் இன்று மாட்டுத்தாவணி என்றால் 1999-இல் திறக்கப்பட்ட பேருந்து நிலையமே நினைவுக்கு வரும். தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டும் நீண்ட கயிறு. அதனால் மாட்டுச் சந்தைக்கும் அப்பெயர் வந்தது. காளைகள் கைமாறிய இடத்தில் இப்போது டீசல் எஞ்சின்கள் உறுமுகின்றன. தென் தமிழ்நாட்டின் மோட்டார் தொழிலுக்கு மதுரையே தாய்வீடு எனலாம். திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1910களில் பேருந்துத் தொழிலைத் தொடங்கி, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு டி.வி.எஸ். நிறுவனத்தை வளர்த்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மரக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனை இந்நிறுவனம் உருவாக்கிப் பேருந்துகளை ஓடவைத்தது. அந்த வாயுவில் எஞ்சினின் திறன் குறையும். ஆனாலும் வண்டி ஓடியது.

ஆனால் மதுரையில் பந்தயத் தடம் அமையவில்லை. வேகத்துக்காக எஞ்சினைத் திருத்தும் கலை சென்னையிலும் கோவையிலும்தான் வளர்ந்தது.

சோழவரம்

1953-இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் விமான ஓடுதளமாக இருந்த சோழவரம், பந்தயத் திடலாயிற்று. கோண்டல் மகாராஜா முதல் விஜய் மல்லையா வரை பலர் அங்கு ஓட்டினர். வசதி படைத்தோர் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவர, மற்றவர்கள் ஃபியட், ஹெரால்டு போன்ற உள்நாட்டு வண்டிகளைத் திருத்தி நிறுத்தினர்.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. பந்தய மேனிஃபோல்டைக் கடையில் கேட்டு வாங்க முடியாது, செய்துகொள்ள வேண்டும். குழாயை வளைக்கும்போது அது நசுங்காதிருக்க உள்ளே உலர்ந்த மணலை இறுகத் திணித்து, சூடாக்கி வளைப்பது பட்டறைகளுக்குத் தெரிந்த பழைய முறை. அதற்கு மெக்கானிக்கின் கண்ணளவும் பொறுமையுமே மூலதனம்.

குழாயின் நீளம் ஏன் முக்கியம்?

வெளியேற்று வால்வு திறந்தவுடன் வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை அந்த அலை அடைந்ததும், அங்கிருந்து குறையழுத்த அலை ஒன்று சிலிண்டரை நோக்கித் திரும்புகிறது. வால்வு மூடும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். புதிய கலவைக்கு இடம் கிடைக்கும்.

பள்ளிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், விநாடிக்கு 100 சுற்று. அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் 0.005 விநாடி. சூடான புகையில் ஒலி அலை விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் செல்லும் என்று கொண்டால், அந்நேரத்தில் அது 2.5 மீட்டர் கடக்கும். எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் அதே அரைச் சுற்றுக்குள் அலை 5 மீட்டர் போய்விடும். ஆகவே 6000 சுற்றில் சரியான நேரத்தில் திரும்பும் அலை, 3000 சுற்றில் மிக முன்னதாகவே வந்துவிடும். எல்லா வேகத்துக்கும் பொருந்தும் ஒரே நீளம் கிடையாது. நீண்ட குழாய் குறைந்த சுற்றுகளிலும், குட்டையான குழாய் மிகுந்த சுற்றுகளிலும் உதவும். விட்டமும் அப்படித்தான். 'பெரிய குழாய், பெரிய வேகம்' என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அளவுக்கு மீறிய குழாயில் வாயு வேகம் இழக்கிறது, மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறுகிறது.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இன்னொரு சிக்கலும் உண்டு. எரியும் வரிசை பொதுவாக 1-3-4-2. 180 பாகைக்கு ஒரு சிலிண்டர் எரிகிறது. வெளியேற்று வால்வோ 180 பாகையைவிட நீண்டநேரம் திறந்திருக்கும். அதனால் ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் வழியில் குறுக்கிடுகிறது. 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் முதலில் சேர்த்துப் பின் இரண்டையும் ஒன்றாக்கும் '4-2-1' அமைப்பு இதைத் தணித்து, நடுத்தர சுற்றுகளில் இழுவை தரும். நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் '4-1' அமைப்பு உச்சச் சுற்றுக்கானது, தடத்துக்கு ஏற்றது. மேலூர் சாலையில் அன்றாடம் போய்வருபவருக்கு அதனால் பயன் குறைவு.

மாருதியும் கரிவரதனும்

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்ததும் நிலைமை மாறியது. 796 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். எடை குறைவு, உதிரிபாகம் எங்கும் கிடைத்தது.

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் இந்த எஞ்சினைக் கொண்டு 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பம்புசெட்டுகளாலும் வார்ப்பு ஆலைகளாலும் வளர்ந்த ஊர் கோவை; இரும்பை உருக்கவும் கடையவும் தெரிந்த கைகள் அங்கே மிகுதி. பெருஞ்செல்வர்களின் விளையாட்டாக இருந்த பந்தயத்தை, எல்லோருக்கும் ஒரே எளிய எஞ்சின் என்ற ஏற்பாட்டால் கரிவரதன் பலருக்கும் எட்டவைத்தார். தமிழ்நாட்டு மோட்டார் பந்தயத்தில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை என்றே சொல்லவேண்டும். பின்னாளில் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இவ்வகைக் காரில்தான் பந்தயத்தைத் தொடங்கினார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. சென்னைப் பந்தயங்கள் அதற்கு முன்பே, 1990-இல், இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறியிருந்தன.

மூன்று சிலிண்டர் எஞ்சினில் 240 பாகைக்கு ஒரு முறை எரிதல் நடக்கிறது. வால்வு திறந்திருக்கும் காலமும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே ஒரு சிலிண்டரின் புகை மற்றொன்றைத் தடுப்பது இயல்பாகவே குறைவு. '3-1' அமைப்பே போதும். இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. குறுக்கீடு குறைவாக இருந்தால், அதை நீக்கிப் பெறும் ஆதாயமும் குறைவுதானே? 40 குதிரைத்திறனில் 5 விழுக்காடு கூடினாலும் கிடைப்பது 2 குதிரைத்திறன். கார்புரேட்டர் ஜெட்டையும் கேம் ஷாஃப்டையும் சேர்த்து மாற்றினால்தான் மேனிஃபோல்டுக்குச் செய்த செலவு வேலை செய்யும்.

தேர்வின் பிற அம்சங்கள்

ஸ்விஃப்ட் போன்ற எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின்களில் ஆக்சிஜன் சென்சார் புகைப் பாதையில் அமர்ந்திருக்கும். எஞ்சினோடு பொருந்தும் பட்டைத் தகடு மெல்லியதாக இருந்தால் சூட்டில் வளையும். இடுக்கில் காற்று உள்ளே புகும். அந்தக் காற்றைக் கண்டு சென்சார் 'பெட்ரோல் போதவில்லை' என்று பிழையாகச் சொல்ல, கணினி கூடுதலாக ஊற்றும். விலை மலிவான மைல்ட் ஸ்டீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெப்ப நாடா சுற்றினால் பானட்டுக்குள் சூடு குறையும், ஆனால் நாடாவுக்குள் ஈரம் தங்கி அந்த எஃகை இன்னும் விரைவாக அரிக்கும். 304 வகைத் துருவேறா எஃகு நீடிக்கும். அதுவும் பற்றவைப்பு சரியில்லையேல் விரிசல் விடும்.

சட்டம்

1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. பிந்தைய கார்களில் அது மேனிஃபோல்டோடு ஒட்டியே வருவதால், மேனிஃபோல்டை மாற்றுவது பெரும்பாலும் அதையும் அகற்றுவதாகிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு அப்படியே தெருவுக்கு வரும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. ஆகவே இத்தகைய மேனிஃபோல்டுக்கு உரிய இடம் பந்தயத் தடமே. மதுரைக்காரருக்கு அருகிலுள்ள தடம் 200 கிலோமீட்டருக்கு அப்பால் கோவையில் இருக்கிறது என்பது வேறு கதை.

சட்டத்துக்குட்பட்ட வழி ஒன்றையும் கோவையே காட்டியது. முன்னாள் பந்தய வீரர் ஜெ. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி. என்ற டர்போ காரை வெளியிட்டது. மூன்று சிலிண்டர், 1.2 லிட்டர், 114 குதிரைத்திறன். முறையான ஒப்புதலோடு ஆலையிலிருந்தே வந்த வேகக் கார். 2020-க்குப் பின் அது தொடரவில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்வாண்டு போலோ காரில் வந்த 1.0 டி.எஸ்.ஐ. எஞ்சினில் மேனிஃபோல்டு தனி உறுப்பாகவே இல்லை. சிலிண்டர் ஹெட்டின் உள்ளேயே வார்க்கப்பட்டு, குளிர்நீர் அதைச் சுற்றி ஓடுகிறது. வெளியே தெரிவது ஒரே ஒரு துளை. அதன்மேல் டர்போ நேராக முடுக்கப்பட்டிருக்கும். கழற்றுவதற்கு அங்கே மேனிஃபோல்டு இல்லை.