பூங்காவும் பாடநெறியும்: ஐக்கிய அமெரிக்காவில் ஓய்வுநேரக் கல்வியின் வரலாறு

1865 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே, யோசமிற்றிப் பள்ளத்தாக்கிற் கூடிய ஆணையாளர்கள் முன்னிலையில் பிறடரிக் லோ ஒல்ம்ஸ்ரெட் ஓர் அறிக்கையை வாசித்தார். நியூயோர்க் மத்திய பூங்காவை வடிவமைத்த இருவருள் ஒருவர் அவர். அப்பள்ளத்தாக்கு பொதுமக்களின் பயன்பாட்டிற்கெனக் கலிபோர்ணியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டு ஓராண்டே கழிந்திருந்தது. இயற்கைக் காட்சிகளை அரசு காத்து மக்களுக்கு வழங்காவிடின் அவை செல்வர்தம் தனியுடைமையாகிவிடும் என்பது அவர் வாதம். அறிக்கை கிடப்பிற் போடப்பட்டது. 1952 இலேதான் அச்சேறியது. எனினும், பின்னர் பல்கலைக்கழகப் பாடநெறியாக வளர்ந்த துறையின் மூலக்கருத்து அதிலே உண்டு: ஓய்வு எல்லோர்க்கும் உரியது. அந்த 'எல்லோர்' யாவர் என்னும் வினாவோ நெடுங்காலம் வகுப்பறைக்கு வெளியிலேயே நின்றது.

தொடக்கத்திற் பூங்காக்களைப் பேணக் கற்றவர் எவருமிலர். 1872 இல் நிறுவப்பட்ட யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவை 1886 முதல் 1918 வரை காத்தவர்கள் படைவீரர்களே. சேக்குவோயாப் பூங்காவில் 1903 ஆம் ஆண்டுக் கோடையிற் பொறுப்பேற்றிருந்தவர் சாள்ஸ் யங் என்னும் கறுப்பினக் கப்டன். பெருமரக் காட்டிற்கு வண்டிகள் செல்லத்தக்க பாதையை அமைத்து முடித்தவர்கள் அவரும் அவரது படைவீரருமாவர்.

அக்காலத்திலே பல்கலைக்கழகங்கள் இத்துறைக்கு அயலானவற்றையே கற்பித்தன. கோர்ணெல் 1898 இலும் யேல் 1900 இலும் வனவியலைத் தொடங்கின. ஹாவாட் 1900 இல் நிலத்தோற்ற வடிவமைப்பைத் தொடங்கியது. முன்னது மரத்தை நோக்கியது, பின்னது காட்சியை நோக்கியது. இரண்டுமே மனிதனைப் பாடமாகக் கொண்டவையல்ல. 1916 இல் தேசியப் பூங்காச் சேவை உருவாகியபின், 1925 இல் யோசமிற்றியிலேயே களப் பள்ளியொன்று திறக்கப்பட்டது. ஹரோல்ட் பிறயன்ற் வழிநடத்திய அப்பள்ளி, பயணிகளுக்கு இயற்கையை விளக்கியுரைப்போரைப் பயிற்றியது.

மனிதனை நோக்கிய மரபு நகரச் சேரிகளிலே பிறந்தது. 1906 இல் அமைந்த விளையாட்டிடச் சங்கம், தெருவிலே திரிந்த சிறார்க்கு மைதானம் கேட்டது. அம்மைதானங்களை நடத்தப் பயிற்சி பெற்றோர் தேவைப்பட்டனர். பொழுதுபோக்குத் துறைக்கெனத் தனிப் பட்டம் 1930 களிலே மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருவானது. விளையாட்டிற்குப் பட்டமா என நகைப்போர், 'ஸ்கூல்' என்னும் சொல்லே ஓய்வைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதை நினைவுகூர்தல் தகும்.

இவ்விரு மரபுகளையும் நெருங்கச் செய்தது மோட்டார் வண்டி எனலாம். இரண்டாம் உலகப் போரின் பின் பூங்காக்களிற் சனநெரிசல் பெருகியது. 1958 இல் திறந்தவெளிப் பொழுதுபோக்கு வளங்களை ஆராய ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1962 இல் அதன் அறிக்கையும் 27 ஆய்வுத் தொகுதிகளும் வெளிவந்தன. ஒரு காடு, தன் இயல்பு கெடாது எத்தனை பேரைத் தாங்கும்? மேய்ச்சல் நிலத்திற்குக் கால்நடைகளைக் கணக்கிட்ட முறையைத் தழுவி 1964 இல் அலன் வாகர் இவ்வினாவை ஆராய்ந்தார். தாங்குதிறனை நிர்ணயிப்பது நிலம் மட்டுமன்று, மனிதர் விரும்பும் அனுபவமும் அதில் அடங்கும் எனக் கண்டார். துறை தன் சொந்த வினாவைக் கண்டடைந்த இடம் இதுவே. 1969 இல் ஓய்வுநேர ஆய்விற்கெனத் தனிச் சஞ்சிகையொன்றும் தோன்றியது.

அதே 1969 இல் யோசமிற்றியின் இறுதி இந்தியக் குடியிருப்பில் எஞ்சியிருந்த வீடுகள் அழிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோர், 1851 இற் படையினராற் பள்ளத்தாக்கிலிருந்து துரத்தப்பட்ட அஹ்வானீச்சி மக்களின் வழித்தோன்றல்களாவர். பூங்காவில் ஊதியத்தொழில் உள்ளோரே தங்கலாம் என்னும் விதி அவர்களைச் சிறுகச் சிறுக வெளியேற்றியிருந்தது. வேர்ஜீனியாவின் ஷெனன்டோவாப் பூங்காவிலோ, யங் பாதையமைத்து 36 ஆண்டுகள் கழிந்தபின், 1939 இல், கறுப்பினத்தவர்க்கெனத் தனித் தங்குமிடம் ஒதுக்கப்பட்டது. எத்தனை பேர் வரலாம் எனக் கணித்த கல்வி, எவர் வரவொட்டாது தடுக்கப்பட்டனர், எவர் வாழவொட்டாது அகற்றப்பட்டனர் என்பதைக் கணக்கிற் கொள்ளாமை வியப்பன்று. வந்தோரை எண்ணுவதிலிருந்தே அது தன் அளவுகோலைப் பெற்றிருந்தது. வாயிலுக்கு வராதவன் எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

வஹோகா எனப்படும் அந்த அழிந்த குடியிருப்பு நிலத்தைத் தம் சடங்குகளுக்கும் ஒன்றுகூடல்களுக்கும் மீண்டும் பயன்படுத்த, 2018 இல் தெற்குச் சியெரா மீவொக் மக்கள் பூங்காச் சேவையுடன் 30 ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டனர்.