தமிழ் நாவலில் நிராசையும் பற்றுக்கோடும்

உற்றாரையோ பொருளையோ நற்பெயரையோ இழந்து, இனி உயிர் தரித்திருப்பதில் அர்த்தமில்லை என்னும் எல்லைக்குச் சென்றவர் எதைப் பற்றிக்கொண்டு மீள்கிறார் என்பதையே உயிர்நிலையாகக் கொண்ட நாவல்கள் தமிழில் ஒரு தனிப் பரம்பரையாக வளர்ந்துள்ளன. ஐரோப்பாவில் இவ்வகைக்கு வித்திட்டது, ஜெர்மானியக் கவி கதே 1774-இல் வெளியிட்ட வெர்தரின் கதை. அதன் நாயகன் மீளாது மாய்பவனாதலின், அடுத்த ஆண்டே லைப்சிக் நகரில் அந்நூலுக்குத் தடை விதிக்கப்பட்டது. தமிழ் நாவலோ, 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து இருபதாண்டு நிரம்புமுன்பே மீட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டது.

அதற்குக் காரணமானவர் வத்தலக்குண்டு பி. ஆர். ராஜமய்யர். 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் தொடராக வெளிவந்து, 1896-இல் நூலுருப் பெற்ற அவருடைய 'கமலாம்பாள் சரித்திரம்', சிறுகுளம் கிராமத்துச் செல்வராகிய முத்துஸ்வாமி ஐயர், மகன் நடராஜனைப் பறிகொடுத்து, பொருளையும் இழந்து, போதாக்குறைக்கு மனைவி கமலாம்பாள்மேல் ஊரார் சுமத்திய அபவாதத்தையும் செவியுற்று, சம்சாரத்தையே உதறி வெளியேறி, முடிவில் சச்சிதானந்த ஸ்வாமிகள் என்னும் குருவின் அருளால் சாந்தியடைவதைக் கூறுகிறது. முற்பகுதியின் ஹாஸ்யமும் வம்புப் பேச்சும், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையின் கோமாளித்தனமும் வாசகரை அக்கிரகாரத்துத் திண்ணையிலேயே உட்கார்த்தி வைத்துவிட்டபின், பிற்பகுதி வேதாந்தத்தில் ஏறிவிடுகிறது என்று விமரிசகர் குறை கூறுவதுண்டு. குருநாதர் வேண்டிய சமயத்தில் வேண்டிய இடத்தில் வந்து நிற்பது கதைக்குச் சற்று அதிகமான சௌகரியந்தான். ஆயினும் அது கதையை முடிக்கக் கையாண்ட தந்திரமன்று. 1896-இல் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரத' இதழுக்கு ஆசிரியராயிருந்து வேதாந்தக் கட்டுரைகள் எழுதிய ராஜமய்யர், தாம் நம்பியதையே எழுதினார். இருபத்தாறு வயதில், 1898-இல் அவர் காலமானார்.

அதே 'விவேக சிந்தாமணி'யில் 1892-இல் 'சாவித்திரி சரித்திர'மாகத் தொடங்கி இடையில் நின்று, 1903-இல் 'முத்துமீனாட்சி' என நூலாகிய அ. மாதவையாவின் நாவல் வேறு வழி காட்டியது. இளவயதிலேயே கைம்மை அடைந்த பெண் தன் வாய்மொழியாகவே துயரத்தைச் சொல்லும் அக்கதையில் மீட்சி தருவது குருவல்ல, மறுமணம். துக்கம் விதியால் வந்ததன்று, வழக்கத்தால் வந்தது என்று காட்டியமையால், இதனை இப்பரம்பரையின் முதற் பெரும் திருப்பமெனக் கொள்ளலாம்.

பின்னர் வங்காளத்திலிருந்து வந்த சரத்சந்திரரின் 'தேவதாஸ்' (1917) மொழிபெயர்ப்பாலும், அதைவிட 1953-ஆம் ஆண்டுத் திரைப்படத்தாலும், மீளாத நிராசையைத் தமிழருக்கு மிகவும் பிரியமானதாக்கிவிட்டது. அழவேண்டும் என்றே கொட்டகைக்குச் செல்லும் வழக்கத்துக்கு அதன் பங்கு சிறிதன்று. க. நா. சுப்ரமண்யத்தின் 'பொய்த்தேவு' (1946) அத்தகைய கண்ணீரை அறவே விலக்கியது. சாத்தனூரில் நாதியற்ற சிறுவனாகத் தொடங்கிய சோமு, சோமு முதலியாராகிச் செல்வத்தின் உச்சிக்கு ஏறி, ஒன்றன்பின் ஒன்றாகத் தான் தெய்வமெனப் பற்றியவையெல்லாம் பொய்யெனக் கண்டு, சோமுப் பண்டாரமாக மடிகிறான். அவனுக்குக் குருவும் இல்லை, ஆறுதல் வார்த்தையும் இல்லை.

ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றித் திரையுலகின் கடைநிலை மாந்தரை அருகிருந்து கண்ட அசோகமித்திரன், 1973-இல் நூலாக வெளியிட்ட 'தண்ணீர்' இப்பரம்பரையை முற்றிலும் தரைக்கு இறக்கியது. சினிமா ஆசையில் ஏமாற்றப்பட்டுத் தற்கொலைக்குத் துணிந்த ஜமுனா வசிப்பது, தண்ணீர்ப் பஞ்சத்தால் தவிக்கும் சென்னைத் தெரு ஒன்றில். விடியுமுன் குடத்தோடு அலைவதும், அடித்து அடித்தும் காற்றே வரும் பம்பின்முன் நிற்பதும், சாக்கடை கலந்த குழாய்நீரை முகர்ந்து பார்ப்பதுமாக அத்தெருவின் பெண்களுக்குப் பொழுது கழிகிறது. நோயாளிக் கணவனையும் மாமியாரின் ஏச்சையும் சுமந்துகொண்டே பள்ளிக்கூடம் போய்வரும் டீச்சரம்மா ஜமுனாவுக்குச் சொல்வது தத்துவமன்று. தன் வீட்டு நிலைமையைத்தான், அதுவும் பாதி கடிந்துகொள்ளும் தொனியில். முத்துஸ்வாமி ஐயருக்கு ஸ்வாமிகளின் உபதேசம் செய்ததை, ஜமுனாவுக்கு இக்கடிதலும் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமக்கும் அலைச்சலுமே செய்கின்றன. அவள் வாழ்வு சீர்பட்டுவிட்டது என்று மட்டும் ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்வதில்லை.