விலைப்போக்கின் வலிமை (யாழ்ப்பாணக் குடாநாடு)

ஒரு பொருளின் விலை ஒரே முகமாக எவ்வளவு உறுதியோடு நகர்கிறது என்பதன் அளவே விலைப்போக்கின் வலிமை. ஏறுமுகமா இறங்குமுகமா என்பது வேறு கேள்வி. குடாநாட்டில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு சின்ன வெங்காயம்.

1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியை இறுக்கியது. வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்த தோட்டக்காரருக்கு அது பொற்காலம். படித்த இளைஞரும் வன்னியின் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களுக்குப் போய் மிளகாய் நட்டனர். அறுவடைக் காலத்தில் விலை தளம்பினாலும் ஏறுமுகம் முறியவில்லை. பருவத் தளம்பலைப் போக்கென்று கொள்வது தரகர்கூடச் செய்யாத பிழை. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதே அந்த ஏறுமுகத்தை முறித்தது. பின்னர் போக்கைத் தீர்மானித்தது குடாநாட்டை வெளியோடு இணைக்கும் தரைப்பாதை. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்டதும் வெளியே போகவேண்டிய விளைச்சல் தேங்கியது. உள்ளே வரவேண்டிய சீனி, மாவின் விலை ஏறியது.

உலகச் சந்தைகளில் பெயர்பெற்ற அளவுகோல், அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்ட சராசரித் திசைச் சுட்டெண். அது 0 முதல் 100 வரை அமையும். வழக்கமாக 14 நாள் விலைகளைக் கொண்டு கணிப்பர். 20க்குக் கீழே போக்கில்லை, 25க்கு மேலே போக்கு வலிது என்பது வழக்கு. ஆனால் அதற்கு ஒவ்வொரு நாளினதும் உச்சவிலை, தாழ்விலை, முடிவுவிலை மூன்றும் வேண்டும். மரக்கறிச் சந்தைக்கு முடிவுவிலை ஏது?

வாரத்துக்கு ஒரு விலை மட்டும் கிடைக்கும் இடத்துக்குச் சந்தை ஆய்வாளர் பெரி கோஃப்மனின் திறன் விகிதமே பொருத்தம். தொடக்க விலைக்கும் இறுதி விலைக்கும் உள்ள வேறுபாட்டை, இடையில் நேர்ந்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கிலோ விலை 200, 230, 220, 260 ரூபாய் என்று போனால் 60ஐ 80ஆல் வகுக்க 0.75 வரும். 200, 260, 190, 260 என்று போனால் 0.30தான், ஏறிய தொகை ஒன்றே, வலிமை வேறு.

இப்போது ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் வாராந்த விலைகளை வெளியிடுகிறது. திருநெல்வேலி, மருதனார்மடம் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ என்று பிடிக்கப்பட்டுவந்த அநியாயக் கழிவு இத்தகைய விலைகளில் தெரிவதில்லை.